அகதா எடுத்துக் கொடுத்த புத்தகம்

ஈப்போவின் லகாட் சாலையில் பழனியப்பனின் புத்தகக் கடை நடந்த காலத்தில், பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் வாங்க வந்தவர்கள் முதலாளியிடம் போய் நிற்கமாட்டார்கள். நேரே கடையின் உள்பக்கம் போய் அகதாவைத்தான் தேடுவார்கள். பையனுக்கு ஒன்பது வயது, ஓர் இடத்தில் குந்தமாட்டான் என்று சொன்னால் போதும். அகதா கொஞ்சம் யோசிப்பாள். பிறகு அலமாரியிலிருந்து ஒன்றை உருவி, இதில் ஒரு குரங்கு வருகிறது, அது செய்யும் அட்டகாசத்தைப் படிக்க ஆரம்பித்தால் பையன் எழுந்திருக்கமாட்டான் என்பாள். அவள் சொன்னபடியே நடக்கும். அடுத்த மாதம் அதே அப்பா வந்து, அதே மாதிரி இன்னொன்று கேட்பார். மதராசிலிருந்து புதுப் புத்தகக் கட்டு வந்திறங்கினால் பாகான் செராயிலிருந்துகூடப் பள்ளிக்கூட ஆசிரியர்கள் வந்து, எது நல்லது என்று அவளைக் கேட்டு வாங்கிப் போவார்கள்.

அந்த அகதாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

அவளுடைய அப்பா சவரிநாதன் தோட்டத்தில் பிறந்து, ரப்பர் பால் வெட்டி, பிறகு ஈப்போவுக்கு வந்து ரயில்வேயில் சேர்ந்தவர். தமிழ் படித்தால் சோறு போடுமா என்று எல்லாரும் கேட்ட காலம் அது. அவரும் கேட்டார். மகளைக் கான்வென்டில் ஆங்கிலம் படிக்க வைத்தார். வீட்டில் பேச்செல்லாம் தமிழ்தான். செபமெல்லாம் தமிழில் மனப்பாடம். எழுத்து மட்டும் கிடையாது. ஐந்தாம் பாரத்துப் பரீட்சையில் அவள் தேறவில்லை. துணிக்கடை, தியேட்டர் டிக்கெட் கூண்டு என்று மாறி மாறி நின்றுவிட்டு, எழுபத்து நாலில் பழனியப்பன் கடைக்கு வேலை கேட்டு வந்தாள். "தமிழ் தெரியும்லா?" என்று அவர் கேட்டார். தமிழில் கேட்டார், அவளும் தமிழில்தான் "தெரியும் முதலாளி" என்றாள். அது பொய் இல்லை. பேசத் தெரியுமா என்று கேட்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் அவளைச் சிறுவர் புத்தக அலமாரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். முதல் சம்பளம் கைக்கு வந்த பிறகு வாய் வரவில்லை.

சமாளிக்க வழி இருந்தது. விலை எண்ணில் இருக்கும். அட்டைப் படங்களை அவள் ஒரு முறை பார்த்தால் மறக்கமாட்டாள். யாராவது பேர் சொல்லிக் கேட்டால், அட்டையில் என்ன படம் என்று திருப்பிக் கேட்பாள். அதுவும் தெரியவில்லை என்றால் பின்னால் பார்சல் கட்டும் ராஜுவைக் கூப்பிட்டு, கை வேலையாக இருக்கிறது, அதை எடுத்துக் கொடு என்பாள். கதைகள் அவளுக்குக் கிடைத்தது பிள்ளைகளிடமிருந்து. சனிக்கிழமைகளில் வரும் பிள்ளைகளிடம், போன தடவை வாங்கினாயே, அது எப்படி இருந்தது, முழுசாகச் சொல் என்பாள். பெரியவர்கள் யாரும் அப்படிக் கேட்டதில்லை என்பதால் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். எந்த இடத்தில் சிரித்தார்கள், எந்த இடத்தில் பக்கத்தைத் தள்ளினார்கள் எல்லாம் அவள் மனசில் நின்றது. ஒரு பிள்ளை சொன்னதை அடுத்த பிள்ளையின் அம்மாவிடம் சொன்னாள். அவ்வளவுதான் அவள் வித்தை.

பகலில் அது வித்தையாகத்தான் தெரிந்தது. வேலை முடிந்து வீடு இருக்கிற சிலிபினுக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்தபிறகுதான் நெஞ்சைக் குடையும். உங்களைப் போலப் படித்தவர்கள் இருப்பதால்தான் நம் பிள்ளைகளுக்கு நாலு நல்ல புத்தகம் கிடைக்கிறது என்று பாகான் செராய் ஆசிரியர் ஒருமுறை சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோயிலில் பாட்டுப் புத்தகத்தை ஏதோ ஒரு பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடுவாள். முதலாம் வகுப்புப் பாடநூல் ஒன்றை வாங்கி அலமாரித் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தாள். அதைத் திறக்கும்போதெல்லாம் யாரோ வரும் சத்தம் கேட்கும். மூடிவிடுவாள்.

எழுபத்தேழாம் வருஷம், மழை ஓய்ந்த சமயம், சுங்காய்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வீரம்மா வந்தாள். பால் வெட்டுக்காரி. புருஷன் சன்னாசி வெள்ளத்துக்குப் பிறகு சுங்காய் ஆற்றில் மீன் பிடிக்கப் போய்த் திரும்பவில்லை. அவனுடைய சேமநிதிப் பணம் கேட்டு ஈப்போ அலுவலகத்துக்கு வந்த இடத்தில், மகளுக்கு ஏதாவது வாங்கிப் போகலாம் என்று கடைக்குள் நுழைந்திருந்தாள். மகள் பேர் தவமணி. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. அப்பா போனதிலிருந்து யாரோடும் பேசுவதில்லை. பழைய பாடப் புத்தகங்களையே எடுத்து எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று சொன்னாள்.

"எனக்கு எழுத்து தெரியாது தங்கச்சி. நீங்கதான் பாத்து எடுத்துக் குடுக்கணும். அழுவுற கதையா மட்டும் வேணாம்."

எழுத்து தெரியாது என்பதை அவள், கடைத்தெருவில் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்பதுபோல் சொன்னாள். அகதாவுக்குக் காது சூடானது.

அன்று காலைதான் புதுக் கட்டு பிரித்திருந்தார்கள். முதலாளி கல்லாவிலிருந்து, புதுசு வந்திருக்கிறது, அதில் எடுத்துக் கொடு என்று குரல் கொடுத்தார். எந்தப் பிள்ளையும் இன்னும் படிக்காத புத்தகங்கள் அவை. ஒன்றின் அட்டை நல்ல நீலம். ஆறோ கடலோ, அதில் ஒரு படகு, படகில் ஓர் ஆணும் பையனும், துள்ளுகிற பெரிய மீன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அகதா அதை எடுத்தாள். படகையும் தண்ணீரையும் பார்த்த உடனே அவள் யோசித்திருக்க வேண்டும். வீரம்மாவும் ஒரு கணம் தயங்கி, ஆத்துக் கதையா என்று கேட்டாள். சந்தோஷமான கதைதான் என்று சொன்ன அகதா, சொன்னதை நம்பவைக்க அந்தப் படத்தைப் பார்த்தே ஒரு கதையும் சொன்னாள். அப்பாவும் மகனும் மீன் பிடிக்கப் போகிறார்கள், புயல் வருகிறது, பயப்படும்படியாக இருக்கும், ஆனால் கடைசியில் இவ்வளவு பெரிய மீனோடு அப்பாவும் மகனும் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள் என்றாள்.

"அப்பா வந்துடறாரா?" என்று வீரம்மா கேட்டாள்.

"வந்துடறாருக்கா."

வீரம்மா அந்தப் புத்தகத்தைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

அடுத்த மாதம் அவள் திரும்பி வந்தபோது கடையில் கூட்டம் இருந்தது. மற்றவர்கள் போகட்டும் என்று ஓரமாக நின்றாள். பிறகு நீல அட்டைப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். கோபமெல்லாம் இல்லை. தொந்தரவு கொடுக்கிறோமே என்கிற கூச்சம்தான் அவள் முகத்தில் இருந்தது.

"தங்கச்சி, இதுல தாள் ஏதும் கொறையுதான்னு கொஞ்சம் பாருங்களேன். புள்ள கேக்குது."

கதையைத் தான் வீட்டில் போய்ச் சொன்னதாகவும், அப்பா மீனோடு வந்துவிடுவார் என்று கேட்டதும் தவமணி புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போனதாகவும் அவள் சொன்னாள். அன்றே படித்து முடித்தாளாம். மறுபடி படித்தாளாம். கடைசித் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அம்மா, அப்பா வர்ற எடம் இதுல இல்ல, தாளு கிழிஞ்சி போயிருக்கு, கடைக்கார அக்காகிட்ட கேட்டு வாங்கிட்டு வா என்றாளாம். அதற்கப்புறம் தினமும், எப்ப ஈப்போவுக்குப் போற என்பதுதான் அவள் பேசிய ஒரே பேச்சு.

அகதா புத்தகத்தை விரித்தாள். எழுத்துகள் எறும்பு வரிசையாக ஓடின. பக்க எண்களை மட்டும் பார்த்தாள். ஒன்றிலிருந்து கடைசி வரை எண் வரிசையாக இருந்தது. ஒரு தாளும் குறையவில்லை.

உண்மையைச் சொல்ல இரண்டாவது தடவையாக அவளுக்கு ஒரு வாசல் திறந்தது. அவள் அதையும் சாத்தினாள். ஆமாக்கா, தாள் குறைகிறது, அச்சுக்காரன் தவறு, நல்ல புத்தகமாக வரவழைத்துத் தருகிறேன் என்றாள். வீரம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. "அதானே பாத்தேன். இத்தன புஸ்தகம் படிச்சவங்க தப்பா சொல்லுவீங்களா" என்று சொல்லி, பேருந்துக்கு நேரமாகிறது என்று கிளம்பினாள்.

கடை அடைக்கிற நேரத்தில், கண்ணெல்லாம் வலிக்கிறது, இந்தக் கடைசிப் பக்கங்களைக் கொஞ்சம் வாசித்துக் காட்டு என்று ராஜுவைக் கேட்டாள். ராஜு சரக்குப் பெட்டிமேல் உட்கார்ந்து ராகம் போட்டு வாசித்தான். அப்பா தனியாகக் கடலுக்குப் போகிறார். படகு மட்டும் திரும்பி வருகிறது. ஊர் கூடி அழுகிறது. பையன் அழவில்லை. ராஜு நிறுத்தி, "நல்லாத்தான் எழுதிருக்கான், பாவம்லா அந்தப் பையன்" என்றான். அகதா அலமாரிக்கு அந்தப் பக்கம் போய்ப் புத்தகங்களை அடுக்குவதுபோல் நின்றாள். சுங்காயில் ஒரு பிள்ளை, இல்லாத தாள்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அந்தத் தாள்களில் அதன் அப்பா வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். அப்படி வரவழைத்தவள் இவள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகாமல் பீடோருக்குப் பேருந்து ஏறினாள். அங்கே மாறி, சுங்காய் தாண்டிச் செம்மண் பாதையில் இறங்கி, கித்தா என்கிற ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை அடையும்போது உச்சி வெயில். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று கூட்டிப் பார்த்தாள். எதைச் சொன்னாலும் கொஞ்சம் நல்லவளாகத் தெரிகிற மாதிரியே வாக்கியம் வந்தது.

வீரம்மா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஈப்போவிலிருந்து புத்தகக் கடை அக்கா தன் வீடு தேடி வந்திருக்கிறாள் என்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி கேட்டு வாங்கினாள். செல்லாயி, கருப்பம்மாள் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து தவமணி வந்தாள். ஒல்லியான பெண். எண்ணெய் வைத்து இறுக்கிய இரட்டைச் சடை. அவள் அகதாவின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள்.

"தாள் கொண்டாந்தீங்களா?"

அகதா நாற்காலியில் உட்காராமல் நின்றாள். "தாள் கொறையலம்மா. புத்தகம் முழுசா இருக்கு. அவ்வளவுதான் கதை."

"அப்ப அப்பா வரமாட்டாரா?"

"வரமாட்டாரு."

தவமணி, பெரிய மனுஷி கணக்குக் கேட்பதுபோல் நிதானமாகக் கேட்டாள். "அப்பறம் ஏன் வருவாருன்னு அம்மாகிட்ட சொன்னீங்க?"

வழியில் கூட்டி வைத்த வாக்கியம் ஒன்றுகூட உதவவில்லை. "எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அட்டையப் பாத்து சொன்னேன்" என்றாள் அகதா.

தவமணி நம்பவில்லை. உள்ளே போய், அம்மா கடையில் கொடுத்துவிட்டு வந்திருந்த நீலப் புத்தகம் இல்லாததால், தன் பாடப் புத்தகத்தை எடுத்து வந்தாள். விரித்து ஓர் எழுத்தின்மேல் விரலை வைத்து, இது என்ன என்றாள். அகதாவுக்குத் தெரியவில்லை. இன்னொன்றைக் காட்டினாள். அதுவும் தெரியவில்லை. அடுத்து ஒரு படத்துக்குக் கீழே இருந்த சின்னச் சொல்லைக் காட்டினாள். படத்தில் ஆடு இருந்தது. ஆடு என்று சொல்லியிருக்கலாம். படத்தைப் பார்த்துச் சொல்லித்தான் இங்கே வந்து நிற்கிறோம் என்று அகதா வாயை மூடிக்கொண்டாள். லயத்தின் நீளத்துக்கும் பெண்கள் வாசலில் நின்றார்கள். கருப்பம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம், கடைக்கார அம்மாவுக்கு எழுத்து தெரியாதாம் என்று மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் அது கடைசி வீடு வரைக்கும் போனது. ஒரு பிள்ளை சிரித்தது. தவமணி சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அகதா அங்கிருந்த வரைக்கும் அவள் வெளியே வரவில்லை.

வீரம்மா கோப்பி கலந்து கொண்டுவந்தாள். அகதா அதைக் குடித்து முடிக்கும்வரை வீரம்மா காத்திருந்து, பிறகுதான் சொன்னாள்.

"எனக்குந்தான் தெரியாது. நான் வந்தவொடனே சொன்னேனே தங்கச்சி. நீங்களும் சொல்லியிருந்தா, வேற ஆளக் கேட்டிருப்பேன்."

அதில் திட்டு ஒன்றும் இல்லை. அதனால்தான் அகதாவால் தாங்க முடியவில்லை. மன்னித்துவிடுங்கள் அக்கா என்று ஏதோ சொன்னாள். வீரம்மா பேருந்துக்கு எந்தப் பாதை கிட்டம் என்று காட்டிவிட்டாள்.

மறுநாள் பழனியப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். வேலையை விட்டு அனுப்பவில்லை. எழுதுபொருள் பக்கம் போய் நில், பென்சில், அழிரப்பர், கணக்குத் தாள் விற்றால் போதும், இந்த விஷயம் ராஜுவைத் தாண்டி வெளியே போகக்கூடாது என்றார். அவள் மானத்துக்காக அல்ல, கடையின் பேருக்காக. அதனால் அவள் ஊரறிய அவமானப்படுகிற வாய்ப்பும் போனது. சனிக்கிழமை பிள்ளைகள் கதை சொல்ல ஓடி வரும்போது, நான் இப்போது அந்தப் பக்கம் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. ஏன் அக்கா என்று கேட்டார்கள். முதலாளி மாற்றிவிட்டார் என்றாள்.

கோயிலில், புதுநன்மை என்னும் முதல் நற்கருணை வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு டோரிஸ் என்கிற பெண் தமிழ் எழுத்தோடு சேர்த்து மறைக்கல்வி எடுத்தாள். தமிழ்ப் பள்ளியில் படித்தவள், அகதாவைவிட வயசில் சின்னவள். அந்த வகுப்பில் போய் அகதா கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். கால் மடக்க இடமில்லாத பெஞ்சு. ணகரம் னகரம் அவளுக்கு ஒன்றாகவே தெரிந்தன. பக்கத்தில் இருந்த பொடிசு, தன் பென்சிலால் அவள் எழுதியதை அடித்துத் திருத்தியது. பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மார்களில் பாதிப்பேர் அவள் கடையில் புத்தகம் வாங்கியவர்கள். முதல் சில ஞாயிறுகளில், டோரிஸுக்கு உதவியாக வந்திருக்கிறேன் என்று அவர்களிடம் சொன்னாள். ஒருநாள் டோரிஸ் அதைக் கேட்டுவிட்டாள். அதற்கப்புறம் அகதா அப்படிச் சொல்லவில்லை.

அவள் முதன்முதலில் முழுசாகப் படித்த கதைப் புத்தகம் அந்த நீல அட்டைதான். எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்து முடிக்க மாதக்கணக்கானது. ராஜு அன்றைக்கு நிறுத்திய இடத்துக்குப் பின்னும் கதை கொஞ்சம் இருந்தது. அழாத பையன் ஒரு காலையில் அம்மாவுக்குத் தெரியாமல் படகில் போய் உட்கார்கிறான், படகை அசைக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறான், அம்மா தேடி வந்து அவளும் பக்கத்தில் உட்காருகிறாள். அவ்வளவுதான் முடிவு. அகதா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். நல்ல புத்தகம். தவமணிக்கு ஆகாத புத்தகமும் இல்லை. என்ன கதை என்று உள்ளபடி சொல்லி, வேண்டுமென்றால் படி, இல்லை இரண்டு வருஷம் கழித்துப் படி என்று கொடுத்திருந்தால் அந்தப் பிள்ளை தானாகவே அந்த முடிவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். வராத அப்பாவை எதிர்பார்த்துப் படித்த பிள்ளைக்குப் படகில் உட்கார்ந்த அம்மா எப்படிக் கண்ணில் படுவாள்? கெட்ட புத்தகத்தைக் கொடுத்துவிட்டதாக இத்தனை நாள் நொந்தவளுக்கு, நல்ல புத்தகத்தைக் கெடுத்துக் கொடுத்தோம் என்று தெரிந்தபோது வலி அதிகமானது.

எண்பத்தொன்றில் பழனியப்பன் அவளை மறுபடி சிறுவர் பக்கத்துக்கு அனுப்பினார். புதுக் கட்டு வந்தால் இப்போதெல்லாம் அவள் இரண்டு மூன்றை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிப்பாள். மெதுவாகத்தான் படிப்பாள். யாராவது ஒன்றைக் காட்டி எப்படி என்று கேட்டால், இன்னும் படிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வாள். சாவு வருகிற கதை என்றால் சாவு வருகிறது என்பாள். பழைய வாடிக்கைக்காரர்களுக்கு இது ரசிக்கவில்லை. முன்னெல்லாம் டக்கென்று எடுத்துக் கொடுப்பீர்களே, இப்போது என்ன இத்தனை யோசனை என்றார்கள். விற்பனை முன்போல இல்லை. முதலாளி முணுமுணுத்தார். வீரம்மா அந்தக் கடைக்கு அப்புறம் வரவே இல்லை. சுங்காய் ஆசிரியர் ஒருவர் மூலம் அகதா இரண்டு தடவை புத்தகம் கொடுத்தனுப்பினாள். சேர்ந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

எண்பத்தைந்தில் ஒரு சாயங்காலம், சிலிபின் பேருந்தில், ஜெலாப்பாங் தொழிற்சாலைச் சீருடை போட்ட ஒரு பெண் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும், "நீங்க புத்தகக் கடை அக்காதானே?" என்றாள். இரட்டைச் சடை இல்லை. கழுத்தளவு வெட்டிய முடி. ஆனால் கேட்ட நிதானம் அதேதான். அகதாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

தவமணி தாராளமாகப் பேசினாள். தோட்டத்தில் பாதி எண்ணெய்ப்பனை ஆகிவிட்டது, அம்மாவுக்கு முழங்கால் முடியவில்லை, தான் தோழிகளோடு வாடகை அறையில் இருக்கிறேன், இரவு வேலை வந்தால்தான் கஷ்டம் என்றாள். அகதா பயந்து பயந்து, கதைப் புத்தகமெல்லாம் படிக்கிறாயா என்று கேட்டாள்.

"பேப்பர் பாப்பேன். கதைப் புத்தகம் எடுக்கறதில்லக்கா. ரூம்ல வீடியோ டேப் போடுவோம். நான் மொதல்ல கடைசிய ஓட்டிப் பாத்துடுவேன். தோழிங்க எல்லாம் என்னைத் திட்டுவாங்க." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

அகதாவும் சிரிக்க முயன்றாள். எட்டு வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த மன்னிப்பு நாக்கு நுனி வரை வந்தது. இந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். ஏன் அப்படி ஓட்டிப் பார்க்கிறாள் என்பது அவளுக்கே நினைவிருக்கிறதோ இல்லையோ. நினைவுபடுத்தினால் பாரம் குறைவது யாருக்கு என்று யோசித்து அகதா விழுங்கிக்கொண்டாள். அம்மாவின் முழங்காலுக்கு என்ன மருந்து போடுகிறார்கள் என்று கேட்டாள். ஏதோ தைலம் தடவுவதாகத் தவமணி சொன்னாள். அரசாங்க ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமையில் கூட்டிவந்தால் கூட்டம் குறைவு என்று அகதா விவரமாகச் சொல்லிக் கொடுத்தாள். அது அவளுக்கு உண்மையாகவே தெரிந்த விஷயம்.

அகதா இறங்கும் இடம் வந்தது. போய் வாருங்கள் அக்கா என்பதுபோல் தவமணி தலையசைத்தாள். பேருந்து நகர்ந்த பிறகும் அகதா நிறுத்தத்திலேயே நின்றிருந்தாள். முகம் எரிந்துகொண்டிருந்தது. வீட்டில் அப்பா இரவுச் சோற்றுக்குக் காத்திருப்பார் என்ற நினைவு வந்ததும் மெல்ல நடந்தாள்.